கடனின் நோய்வரலாறு: பொருளியலாளர் கார்மன் ரைன்ஹார்ட்டை முன்வைத்து

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா உரை என்றால் கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுவது வழக்கம். அதைச் சொல்ல எம்மைவிடத் தகுதியான மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். வைத்தியத்துறையிலிருந்து ஒருவரை அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு பொருளியலாளரின் வாழ்க்கையும் ஆய்வும். சர்வதேச வங்கியியலும் நிதியியலும் அவருடைய துறை. பெயர் கார்மன் ரைன்ஹார்ட்.

ஏன் வைத்தியர்களாகிய நாம் இவரைப் பற்றிப் பேசவேண்டும்? 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் வேலை செய்த எவருக்கும் அந்தக் காரணம் தெரியும். நாட்டின் மருந்துத் தேவையில் பெரும்பங்கு இறக்குமதியால் நிரப்பப்படுவது. கையில் டொலர் இல்லாதபோது மருந்தும் இல்லை. திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகளைப் பிற்போட்டோம். நோயாளரின் உறவினரிடம் துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கி வரச் சொன்னோம். அவர்கள் நாலைந்து மருந்துக்கடை ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்பி வந்து, "டொக்டர், மருந்து எப்ப வரும்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நாம் படித்த மருத்துவப் புத்தகம் எதிலும் பதில் இருக்கவில்லை. பதில் மத்திய வங்கியின் வெளிநாட்டு நாணயக் கையிருப்புக் கணக்கில் இருந்தது. அதைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோதுதான் இந்தப் பெண்மணியின் எழுத்துகள் எமக்கு அறிமுகமாகின.

கார்மன் ரைன்ஹார்ட் 1955இல் கியூபாவின் ஹவானா நகரில் பிறந்தவர். 1966 ஜனவரியில், பத்து வயதில், தாய் தந்தையரோடும் மூன்று பெட்டிகளோடும் அமெரிக்காவில் வந்து இறங்கினார். மூன்று பெட்டிகள் என்று சொல்லும்போது இந்த மண்டபத்தில் பலருக்கு வேறொரு நினைவு வரும். 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் யாழ்ப்பாணம் வெறுமையானபோது எமது வகுப்பினர் கொண்டுபோனது அதைவிடக் குறைவு. ஒரு சைக்கிள், ஒரு உரைப்பை, அதற்குள் சான்றிதழ்களும் இரண்டு மாற்றுடுப்பும். அவ்வளவுதான். குப்பி விளக்கில் படித்தவர்களுக்கும், பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயின் விலையைத் தினம் தினம் மனக்கணக்குப் போட்டவர்களுக்கும் பொருளியல் ஒன்றும் அந்நியமான பாடமன்று. அதைப் பாடமென்று அறியாமலே நாம் படித்திருக்கிறோம்.

அவருடைய படிப்புப் பாதையும் மாணவிகள் கவனிக்கவேண்டியது. பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் அவர் ஆரம்பிக்கவில்லை. இரண்டு வருடக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1978இல் பொருளியலில் பட்டம் பெற்றார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு. கலாநிதிப் பட்டத்தை முடிக்காமலே 1982இல் பெயார் ஸ்டேர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் பொருளியலாளராகச் சேர்ந்தார். மெக்சிக்கோ தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்து உலகச் சந்தைகளை உலுக்கிய வருடம் அது. மூன்று வருடங்களில் அந்த வங்கியின் தலைமைப் பொருளியலாளரானார். பிறகு கொலம்பியாவுக்குத் திரும்பி, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ரொபேர்ட் மண்டெலின் மேற்பார்வையில் 1988இல் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார். சர்வதேச நாணய நிதியம், மேரிலாந்து பல்கலைக்கழகம், மீண்டும் நாணய நிதியம், பின்னர் ஹார்வார்ட் என்று அவர் பயணம் போயிற்று. 2020 ஜூனில் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளரானார். படிப்பை இடையில் நிறுத்தி வேலைக்குப் போனவர், வேலையில் கண்டதைக் கொண்டுவந்து படிப்பை முடித்தவர். எமது மாணவிகளில் பலருக்கும் அப்படித்தான் நேர்கிறது. இடைவெளி விழுந்துவிட்டது என்று மனம் சோரவேண்டியதில்லை.

இனி ஆய்வுக்கு வருவோம். வைத்தியத்தில் ஒரு நோயாளரைப் பார்த்து நோயை அறிய முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. நூறு நோயாளரின் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலில் எந்த அறிகுறி வந்தது, அடுத்து எது வந்தது என்று ஒரு வரிசை தெரியும். ரைன்ஹார்ட் நாடுகளுக்குச் செய்தது இதைத்தான். கிரசியெலா கமின்ஸ்கியோடு சேர்ந்து 1999இல் அவர் வெளியிட்ட "இரட்டை நெருக்கடிகள்" என்ற ஆய்வில் 20 நாடுகளின் பதிவுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 76 நாணய நெருக்கடிகளையும் 26 வங்கி நெருக்கடிகளையும் வரிசைப்படுத்தினார்கள். தெரிந்தது என்ன? பெரும்பாலும் முதலில் வங்கிகள் நலிகின்றன. பிறகு நாணயம் விழுகிறது. நாணயம் விழுந்ததும் வெளிநாட்டு நாணயத்தில் கடன்பட்ட வங்கிகள் இன்னும் ஆழமாக விழுகின்றன. உயர் இரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்க, கெட்ட சிறுநீரகம் இரத்த அழுத்தத்தை மேலும் உயர்த்துவதை நாம் தினமும் சிகிச்சைக்கூடத்தில் காண்கிறோம். அதே சுழல். அந்தச் சுழலுக்கு முன்னால், கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டுக் கடன் இலகுவாகக் கிடைத்த ஒரு செழிப்பான காலம் இருந்ததையும் அவர்கள் காட்டினார்கள்.

செழிப்பான காலத்தைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆய்வுகள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி. 1993இல் கியேர்மோ கல்வோ, லியோனார்டோ லெய்டர்மன் ஆகியோரோடு எழுதிய கட்டுரையில், லத்தீன் அமெரிக்காவுக்குள் அப்போது வெள்ளமாகப் பாய்ந்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பணத்துக்கு அந்நாடுகளின் நல்லாட்சி மட்டும் காரணமில்லை, அமெரிக்காவில் வட்டி வீதம் குறைந்திருந்ததும் பெரிய காரணம் என்று சுட்டிக்காட்டினார்கள். அங்கே வட்டி ஏறினால் இங்கே பணம் திரும்பிப் போய்விடும் என்பதே அதன் பொருள். 1994இல் அமெரிக்க வட்டி ஏறியது. அந்த டிசம்பரில் மெக்சிக்கோவின் பெசோ சரிந்தது.

2002இல் கல்வோவோடு எழுதிய இன்னொரு கட்டுரையின் தலைப்பு "மிதப்பதற்கு அச்சம்". பல நாடுகள் தம் நாணயத்தைச் சந்தையில் சுதந்திரமாக மிதக்க விட்டிருப்பதாகச் சொல்லிக்கொள்ளும். உள்ளே பார்த்தால் கையிருப்பைச் செலவழித்தோ வட்டியை உயர்த்தியோ அதை ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்கும். இதை எமக்கு விளக்கிச் சொல்ல ஒருவரும் தேவையில்லை. 2022 மார்ச் வரை ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. பிடி விட்டதும் சில வாரங்களில் 300ஐத் தாண்டிப் போனது. காய்ச்சலைக் குளிசையால் அமுக்கி வைத்து, உள்ளே இருக்கும் கிருமியைப் பாராமல் விட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

2003இல் கென்னத் ரோகோஃப், மிகுவெல் சவஸ்ரானோ ஆகியோரோடு எழுதிய கட்டுரைக்கு வைத்தியத்திலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்கிறோமே, அதுபோலக் கடன் ஒத்துக்கொள்ளாத நாடுகள். வளர்ந்த நாடொன்று சிரமமின்றித் தாங்கும் கடனின் அளவு, இன்னொரு நாட்டை விழுத்திவிடும். முன்பு கடன் தவறிய வரலாறும், பணவீக்கம் தறிகெட்டுப் போன வரலாறும் உள்ள நாடுகளுக்குத் தாங்கும் எல்லை மிகவும் தாழ்ந்தது. யப்பான் இவ்வளவு கடன்பட்டிருக்கிறதே, எமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஒரே மருந்தை ஒரே அளவில் எல்லா உடம்புக்கும் கொடுக்க முடியாது.

இந்த ஆய்வுகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்த நூல், ரோகோஃபோடு சேர்ந்து எழுதி 2009இல் வெளிவந்தது. தமிழில் அதன் தலைப்பை "இந்த முறை வேறு" என்று சொல்லலாம். 66 நாடுகள், எட்டு நூற்றாண்டுகள், நெருக்கடிக்கு மேல் நெருக்கடி. ஒவ்வொரு முறையும் நெருக்கடிக்குச் சற்று முன்னர் அறிவாளிகள் சொல்லியிருக்கிறார்கள்: பழைய விதிகள் இப்போது பொருந்தா, நாம் கெட்டிக்காரர், இந்த முறை வேறு. அவர் ஒருகாலத்தில் பணியாற்றிய பெயார் ஸ்டேர்ன்ஸ் வங்கியே 2008 மார்ச்சில் வீழ்ந்தது.

அந்நூலில் எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது, பெரிய வங்கி நெருக்கடிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்ற கணக்கு. வீட்டு விலைகள் சராசரியாக ஆறு வருடங்களில் 35 சதவீதம் விழுகின்றன. வேலையில்லாதோர் வீதம் 7 சதவீதப் புள்ளிகள் ஏறுகிறது. அரசாங்கக் கடன் மூன்றே வருடங்களில் சராசரியாக 86 சதவீதம் கூடுகிறது. வங்கிகளைக் காப்பாற்றக் கொடுத்த பணத்தாலேயே இந்தக் கடன் ஏறுவதாக நாம் நினைப்போம். முக்கிய காரணம் அதுவன்று, பொருளாதாரம் சுருங்கியதால் வரி வருமானம் வற்றிப் போவதே என்று அவர்கள் காட்டினார்கள். காயத்தைவிட, காயத்துக்குப் பின் வரும் இரத்தச்சோகை நீண்டகாலம் நோயாளரைப் படுக்கையில் வைப்பதுபோல.

இத்தனை புகழுக்குரியவரின் வாழ்வில் ஒரு பெரிய சறுக்கலும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பாராட்டுவது அழகன்று. 2010இல் ரோகோஃபோடு எழுதிய ஒரு கட்டுரையில், அரசாங்கக் கடன் தேசிய உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி கடுமையாகக் குறைகிறது, வளர்ந்த நாடுகளில் அது சராசரியாகப் பூச்சியத்துக்கும் கீழே, கழித்தல் 0.1 சதவீதம் என்று சொல்லியிருந்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செலவுக் குறைப்பை ஆதரித்த அரசியல்வாதிகள் இதை எடுத்துப் பேசினார்கள். 2013இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தின் அம்ஹேர்ஸ்ற் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தோமஸ் ஹேர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கட்டுரையாளர்களிடமே அவர்களுடைய எக்செல் தாளைக் கேட்டார். அவர்கள் கொடுத்தார்கள். அதில் சராசரி எடுக்கும் கட்டளை ஐந்து நாடுகளைத் தவறவிட்டிருந்தது. சில வருடங்களின் தரவுகள் சேர்க்கப்படாததையும், நாடுகளுக்குக் கொடுத்த நிறையையும் அவரும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் கேள்விக்குள்ளாக்கினார்கள். அவர்கள் போட்ட கணக்கில் அதே சராசரி 2.2 சதவீதம் என்று வந்தது.

எக்செல் பிழையை ரைன்ஹார்ட்டும் ரோகோஃபும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மற்றக் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. கடன் கூடிய காலங்களில் வளர்ச்சி குறைவாக இருப்பது உண்மைதான் என்றும் வாதாடினார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் 90 என்ற அந்த எல்லைக்கோட்டை முன்போல் எவரும் உறுதியாகச் சொல்வதில்லை. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது இரண்டு. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க ஒரு மாணவருக்கு உரிமை உண்டு. அந்த மாணவர் கேட்டால் தாளைக் கொடுக்கவேண்டிய கடமை பெரியவருக்கு உண்டு. தாள் கைக்கு வந்திராவிட்டால் அந்தப் பிழை இன்றும் உண்மையாகவே உலவிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கடனைப் பற்றி எச்சரிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர், கொரோனாக் காலத்தில் உலக வங்கியின் பொறுப்பில் இருந்தபோது, இப்போது கடன்பட்டாலும் மக்களைக் காப்பாற்றுங்கள் என்றுதான் நாடுகளுக்குச் சொன்னார். வறிய நாடுகள் கடன் கட்டுவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும் என்றும், தனியார் கடன்கொடுநரும் அதில் பங்கெடுக்கவேண்டும் என்றும் வாதாடினார். உப்பைக் குறையுங்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லும் வைத்தியரே, வயிற்றோட்டம் கண்டு வறண்டு போனவருக்கு உப்புக் கரைத்த நீரைக் கொடுப்பார். இரண்டும் ஒரே அறிவிலிருந்து வருபவைதான்.

எமது நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? 2007இல் இலங்கை முதன்முதலாகச் சர்வதேசச் சந்தையில் 500 மில்லியன் டொலருக்கு இறைமை முறிகளை விற்றது. தொடர்ந்து பல தடவை விற்றது. உலகில் வட்டி தாழ்ந்திருந்த காலம். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. கொரோனா வந்தது, உல்லாசப் பயணிகள் வரவில்லை, கையிருப்பு கரைந்தது, ரூபா 200இல் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அவருடைய பக்கங்களைப் புரட்டும்போது, எமது நாட்டின் நோய்வரலாற்றை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

செபஸ்ரியன் ஹோர்ன், கிறிஸ்ரோஃப் ட்ரெபெஷ் ஆகியோரோடு அவர் செய்த மற்றொரு ஆய்வும் இங்கே பொருந்தும். வளர்முக நாடுகளுக்குச் சீனா கொடுத்த கடனில் சுமார் அரைவாசி உலக வங்கியின் கணக்குகளிலோ நாணய நிதியத்தின் கணக்குகளிலோ பதிவாகவில்லை என்று அவர்கள் கண்டார்கள். இந்த வைத்தியரிடம் சொல்லாமல் இன்னொருவரிடம் மருந்து எடுக்கும் நோயாளரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். என்னென்ன குளிசை போடுகிறார் என்று தெரியாமல் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. கடன்கொடுநர் பலராக இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக் காத்திருப்பார்கள். இலங்கைக்கு 2023 மார்ச்சில் நாணய நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவித்திட்டம் கிடைத்தது. அது எமது நாட்டுக்கு 17ஆவது திட்டம். ஆனால் நாடுகளுடனான உடன்படிக்கைகள் 2024 ஜூனிலும், முறி வைத்திருந்தோருடனான மாற்றீடு அந்த வருட டிசம்பரிலும்தான் முடிந்தன. அத்தனை மாதங்களும் சாதாரண சனங்கள்தான் காத்திருந்தார்கள்.

சகோதரிகளே, வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பெண்கள் நுண்கடன் வாங்கி, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நகை அடைவு என்று அலைவதை எமது சிகிச்சைக்கூடங்களில் காண்கிறோம். நித்திரையில்லை, தலைச்சுற்று, நெஞ்சு படபடப்பு என்று வருவார்கள். விசாரித்தால் வெள்ளிக்கிழமைத் தவணைப்பணம் என்பார்கள். நாட்டுக்கு வரும் நோயும் வீட்டுக்கு வரும் நோயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதை விளங்கிக்கொள்ளவும் விளக்கிச் சொல்லவும் படித்த பெண்கள் எமக்கு வேண்டும். எமது கல்லூரி வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் நிறைய உருவாக்கியிருக்கிறது. அதில் எமக்குப் பெருமை. ஆனால் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவுக்குப் போகும் பிள்ளையை "புள்ளிகள் போதவில்லைப் போல" என்று பார்க்கும் பழக்கம் இன்னும் எம்மிடம் இருக்கிறது. அந்தப் பார்வை இந்த நூற்றாண்டோடு போகட்டும்.

ஆகவே சங்கத்திடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறோம். முதலாவது, நூற்றாண்டு நிதியத்தில் பொருளியலும் கணக்கீடும் புள்ளிவிபரவியலும் படிக்கப் போகும் மாணவிகளுக்கென்று ஒரு புலமைப்பரிசில். அதன் தொகையை ரூபாவில் ஒருமுறை நிர்ணயித்துவிட்டு மறந்துவிடாமல், விலைவாசியோடு ஆண்டுதோறும் திருத்துவோம். 2022இல் நிலையான வைப்பிலிருந்த பணத்துக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் வங்கிகளிலும் கணக்காய்வு நிறுவனங்களிலும் வேலை செய்யும் எமது அக்காமார், மாதத்தில் ஒரு மணித்தியாலம் இணையவழியாக வர்த்தகப் பிரிவு மாணவிகளோடு பேசவேண்டும். மூன்றாவது, நிதியத்தின் வரவு செலவுத் தாள் ஒவ்வொரு வருடமும் அறிவித்தற் பலகையில் தொங்கவேண்டும். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கணக்கைத் திரும்பப் போட்டு, "அக்கா, இந்தக் கூட்டல் சரியில்லை" என்று கேட்கலாம். கேட்டால் தாளைக் கொடுப்போம். பிழையிருந்தால் திருத்துவோம். அப்படிக் கேட்கும் பிள்ளைக்கு அடுத்த பரிசளிப்பு விழாவில் ஒரு பரிசும் கொடுப்போம்.